பார்வைக்கு ஒட்டிய காகிதம்

குட்டிப்பயலுக்கு,

மாலையில் வீடியோ எடுக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே, கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் உன் வயதுதான்.

இந்த வாரப் பயிற்சி, இரண்டு பேர் நின்று பேசுவதைப் படமெடுப்பது. எனக்கு ஆள் ஏது? எதிர்ச் சுவரில் கை போன இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினேன். அதுதான் உன் முகம் என்று வைத்துக்கொண்டு, கேமராவை ஓடவிட்டுப் பேசினேன். சாப்பிட்டாயா, சளி விட்டதா என்றெல்லாம் விசாரித்தேன்.

வகுப்பில் போட்டுப் பார்த்த ஆசிரியை, "நல்லா பேசறீங்கம்மா. ஆனா பார்வை ரொம்ப கீழ போகுதே, எதிர்ல நிக்கிறது சின்னப் பையனா?" என்றாள்.

"இல்ல, காலேஜ் படிக்கிறான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மறுபடி எடுக்க வேண்டும். உன் அப்பாவிடம் கேட்க மாட்டேன். நீ இப்போது எவ்வளவு உயரம் என்று நீயே எழுது. ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டவும் தயார்.

அம்மா