நூற்றிருபதுக்கு விடை அறுபதுதான், ஸ்டெல்லா

அடி ஸ்டெல்லா, என் செல்லமே,

நேற்று கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். "பாஸாயிடுவியா?" என்று கேட்ட வீட்டுக்காரரிடம், "தெரியல, பேசாம வண்டிய எடுங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், எனக்காக மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருந்தார்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம் இரண்டு பேருமே பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவர்கள். திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம் என்று உசுப்பேற்றியவள் நீதான். "கணக்கையே எடுக்கலாங்க்கா, அதுதான நம்மள கவுத்துது" என்றாய். இப்போது எனக்கு இது கடைசி வாய்ப்பு. இதில் போனால் பதிவு காலாவதி. லாஸ்பேட்டைக் கல்லூரி ஆய்வக வேலையில் என்னை நிரந்தரமாக்க அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று உனக்குத்தான் தெரியுமே.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னோடு சண்டை போட்டேனே, அந்தக் கணக்கே வந்துவிட்டதடி. சைன் நூற்றிருபது டிகிரிக்கு சைன் இன்வர்ஸ் என்ன? சைனும் இன்வர்ஸும் அடிபட்டுப் போகும், நூற்றிருபதுதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "இல்லக்கா, விடை தொண்ணூறத் தாண்டக் கூடாது. அறுவதுக்கும் அதே சைன்தான? அறுவதுன்னு எழுது" என்றாய், மூச்சு வாங்க. "படுத்துக்கினே எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று முறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் நீ இல்லை. எனக்கு எதற்கு அப்படி ஒரு வீம்பு, சொல்லேன்?

நேற்றும் கை முதலில் நூற்றிருபது என்றுதான் எழுதியது. அடித்துவிட்டு அறுபது என்று எழுதினேன். தாளில் கண்ணீர் விழாமல் இருக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்தது கணங்கள், அதான் செட் கணக்கு. இரண்டு பக்கமும் சமம் என்று நிறுவச் சொல்லியிருந்தார்கள். இடப்பக்கத்தில் உள்ள எந்த உறுப்பும் வலப்பக்கத்தில் இருக்கும் என்று காட்டிவிட்டேன். அதோடு முடித்துவிடுவது என் பழக்கம். "போனா மட்டும் பத்தாதுக்கா, அங்கேர்ந்து திரும்பியும் வரணும்" என்று எத்தனை தடவை என் தலையில் குட்டியிருக்கிறாய்! ஞாபகம் வந்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். ரெண்டு வரி எழுதுவதற்குள் மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பாதி நிரூபணத்துக்கு மார்க் போடுவார்களா? முப்பத்துமூன்று வேண்டும். சோறு வடிக்கும்போது கூட்டினால் முப்பத்துநான்கு வருகிறது. துணி காயப்போடும்போது முப்பத்தொன்றாகிவிடுகிறது.

நேரம் ஏன் பத்தவில்லை என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ முன்பே விண்ணப்பித்திருந்ததால் உனக்கும் பரீட்சை எண் போட்டிருந்தார்கள். எனக்கு அடுத்த மேசை உன்னுடையது. கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஸ்டெல்லாவுக்கும் உங்க வீட்டு அட்ரஸ்தாம்மா போட்டிருக்கு. அவங்க வரலையா?"

"வந்துகினு இருக்கா சார். கொஞ்சம் லேட்டாவும்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல மனுஷர், உன் வினாத்தாளை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு டஸ்டரையும் மேலே வைத்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் 'வரவில்லை' என்று குறித்தார். அந்த அரைமணி நேரமும் நான் ஒரு வரி எழுதவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தேறாவிட்டால் புதிதாகப் பதிந்து எல்லாப் பாடமும் முதலிலிருந்து எழுதுவேன், இது சத்தியம். அடுத்த தடவை யாராவது உன்னைக் கேட்டால், நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஆள் இல்லாதபோது சொல்லிப் பழகுகிறேன். இன்னும் முழுசாக வாயில் வரவில்லையடி.

உன் மூத்த ஓரகத்தி,
மேரி அக்கா