பொத்தான் தூங்கிய நாட்கள்

மார்ச் 3

அக்கா இன்றும் பொத்தானை அமுக்கவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு சுட்டுவிரல்தான். கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது அமுக்கினால் சொல் சேரும். போன மாதம்வரை இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். கணினியைச் சக்கர நாற்காலியில் பொருத்திய பிறகு ஒரு எழுத்துகூட இல்லை. "அவளுக்கே வெறுத்துப்போச்சு போல" என்கிறார் அத்தான்.

மார்ச் 5

மருத்துவர் வந்தார். நினைவு மங்குகிறதாம். "பராமரிப்பு இல்லத்துல சேக்கறது நல்லது. யோசிங்க." அத்தான் தலையாட்டினார். அவள் முன்னாலேயே! கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? இருந்தாளா?

மார்ச் 6

நாள் முழுக்க அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

அவள் விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே என் விரலை நுழைத்தேன். அமுக்கினாள். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மறுபடியும் அமுக்கினாள். ஐயோ, இவ அமுக்கிட்டேதான் இருந்திருக்கா!

பொத்தானைக் கழற்றி மாடியில் என் மேசைக்குக் கொண்டுவந்தேன். யுஎஸ்பி சாதனங்களுக்கு நிரல் எழுதுவதுதானே என் பிழைப்பு. சுவர் மின்சாரத்தில் ஓடியவரை கணினி இதைத் தூங்கவிட்டதில்லை. நாற்காலியின் பேட்டரிக்கு மாறியதும், சற்று நேரம் சும்மா இருந்தாலே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கச் சொல்கிறது. திரை மட்டும் விழித்திருக்கும். தூங்கச் சொல்வதில் தப்பில்லை. கணினி முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தால், தூங்கும் சாதனம் ஒரு சைகை அனுப்பி இணைப்பை எழுப்பலாம். இந்தப் பொத்தானும் எழுப்புவேன் என்று சொல்லித்தான் அனுமதி வாங்குகிறது. அப்புறம் கும்பகர்ணத் தூக்கம் — விரல் படுவதைக் கவனிக்கும் பகுதியையும் சேர்த்து அணைத்துவிடுகிறது.

அத்தானிடம் சொன்னேன்.

"அப்போ... இத்தன நாளா கூப்பிட்டிருக்காளா?"

"ஆமா அத்தான்."

"எத்தன தடவ?"

தெரியாது. தூக்கத்தில் விழுந்த அழுத்தம் எங்கும் பதிவாவதில்லை.

மார்ச் 9

தூக்கமே வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். ஆனால் பொத்தான் கண் மூடாவிட்டால் கணினியும் சரியாக ஓயாது. மதியத்துக்குள் பேட்டரி காலி. உள்ளே இருந்த மின்னணுச் சில்லை மாற்றி, நிரலை நானே எழுதுகிறேன். தூங்கட்டும், விரலைக் கவனித்துக்கொண்டே தூங்கட்டும்.

மார்ச் 11

பொருத்தினேன். அது தூங்கும்வரை காத்திருந்தோம். அக்கா அமுக்கினாள். ஓடிக்கொண்டிருந்த ஒளி நின்றது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது:

கூப்பிட்டேன். அங்கே அனுப்பாதே.

அத்தான் அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "அனுப்ப மாட்டேன்மா. எங்கயும் அனுப்ப மாட்டேன்."

மார்ச் 12

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மன்னிக்கணும்" என்றார். அதை அவளிடம் வந்து சொல்லுங்கள் என்றேன்.

மார்ச் 20

காலையில் அக்கா கூப்பிட, கணினி மணி அடித்தது. அத்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்.

"என்னம்மா? வலிக்குதா?"

எழுத்துகள் மெல்ல ஒளிர்ந்து நின்றன. சும்மா.

"சும்மாவா!" என்றவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சமையல் பாதியில் கிடந்தது. நானும் அவரைக் கூப்பிடவில்லை.