எடை போட்டு வைத்த கடல்பாசி

மச்சான்,

சஹர் சாப்பாடு முடிச்சுத் தூங்குறீங்க. எழுப்பினா சண்டை வரும்னு எழுதி வெக்கிறேன்.

என் பாட்டில் அடுப்பாண்ட காலியா கிடக்கு. நேத்து நோன்பு திறக்க, பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சித் தந்தீங்களே, அது என் கடல்பாசியா? மூணு வாரமா கழுவி, காயவெச்சு, எடை போட்டு வெச்சது மச்சான்! அதுல இரும்பு எவ்ளோ, அயோடின் எவ்ளோன்னு இன்னைக்குக் காலேஜ்ல பார்க்கணும். மிஸ் கேட்டா இன்னா சொல்லுவேன்? கடையில மூட்டையா வெச்சு விக்கிறவருக்கு என் பாட்டில்தான் கிடைச்சுதா?

"எப்டி கீது மைமூன்?"னு கேட்டீங்க. நானும் நல்லாருக்குன்னு நாலு துண்டு தின்னேன். அதான் ஆத்திர ஆத்திரமா வருது.

ஜன்னல்ல ரெண்டு பாட்டில் மல்லாட்டை எண்ணெய் இருக்கு. ஒண்ணுல மட்டும் கடல்பாசிப் பொடி போட்டிருக்கேன், எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வராம தடுக்குதான்னு பார்க்க. அதுல வடை சுட்டீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்.

கடைக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வூட்டு ரஹ்மத் பீவிகிட்ட குடுத்துட்டுப் போங்க.

மைமூன்

சாயங்காலமும் ஒரு தட்டு காய்ச்சி வைங்க. கடைப் பாசியில. ஏலக்காய் மட்டும் நேத்து மாதிரியே.