பாதிரிக்கு ரோமம் வெட்டியது யார்?

மில்ஸ் கிராசிங், ஒஹையோ
1984 மே 6

அன்புள்ள வெர்லின்,

நான் நலம், ஆடுகள் என்னைவிட நலம். ஆற்று நடுவே தபால் படகு உன் சரக்குக் கப்பலை ஒட்டி வந்து நின்றபோது என் போன கடிதம் கயிற்று வாளியில் ஏறி வந்ததா, இல்லை டெட்ராய்ட் ஆற்றோடு போய்விட்டதா? பதிலே காணோம்.

பிப்ரவரியில் பிறந்த கிடாய்க்குட்டியை நீ கப்பலேறும் முன் காயடித்தாயே, அதுதான் இந்த வருஷம் கண்காட்சிக்கு. முதுகு பலகை மாதிரி இருக்கிறது. காணிக்கைத் தட்டோடு எதிரே வந்து நிற்பது போன்ற முகம், அதனால் பாதிரி என்று கூப்பிடுகிறேன். என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். பதினாறு வருஷம் நீ கண்காட்சி வளையத்துக்குள் குட்டியை நடத்தினாய், நான் வேலிக்கு வெளியே எலுமிச்சைச் சாறு விற்றேன். இந்த வருஷம் உள்ளே நான்.

ஓட்ஸ், உடைத்த சோளம், கொஞ்சம் சோயாப் பிண்ணாக்கு வைக்கிறேன். மூத்திரக் குழாயில் கல் அடைக்காமலிருக்க நவச்சார உப்பும் அளந்து கலக்கிறேன். மாட்டுக்கு வைக்கும் தாது உப்பைப் பூட்டி வைத்துவிட்டேன், அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு விஷமாயிற்றே. இனி சொல்வது நம் இருவருக்குள் இருக்கட்டும். சாயங்காலத் தீவனத்தில் ஆப்பிள் வினிகரில் ஊறிய ஆளிவிதை ஒரு கைப்பிடி போடுகிறேன். தோல் மினுங்குகிறது. என் தங்கை கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

ரோமம் வெட்டும் மெஷினையும் நானே ஓட்டிப் பழகுகிறேன். கிழட்டு ஆடுகளிடம் ஆரம்பித்தேன். அவற்றுக்கு இரண்டு கீறல், எனக்கு ஒரு உதை.

உன் ஆர்டித்

•

டுலூத் துறைமுகம்
மே 19

அன்பே ஆர்டித்,

கடிதம் வாளியில் நனையாமல் வந்தது. இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருக்கிறோம், மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறம். உன் கையால் சமைத்த எதையாவது தின்று எட்டு வாரம் ஆகிறது.

பாதிரி பற்றிப் படித்துச் சிரித்தேன். ஆனால் மெஷின் விஷயம் எனக்குப் புரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறவள் நீ. பிளேடை மாட்டத் தெரியுமா உனக்கு? இறுக்கும் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
வெர்லின்

•

மில்ஸ் கிராசிங்
ஜூன் 10

அன்புள்ள வெர்லின்,

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷின் பெட்டிக்குள் ஒரு புத்தகம் கிடக்கிறது, பதினாறு வருஷமாக நீ பிரிக்காதது. அதைப் படித்தேன். திருகை விரலால் நிற்கும்வரை திருப்பி, மெஷினை ஓடவிட்டு, சத்தம் சீராகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓவர் இறுக்கம் என்றால் பிளேடு கொதிக்கும். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையில் தொட்டுப் பார்க்கிறேன். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கம்பளிப் பிசுக்கைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வைக்கிறேன். நீ அப்படியே துணியில் சுருட்டிப் போடுவாய். பல்லுக்குப் பல் துரு இருந்தது, சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

பிளேடைச் சாணை பிடிக்க டெல்பர்ட்டிடம் கொடுத்தேன். அவரே கொண்டுவந்து கொடுத்தார், தேநீரும், ருபார்ப் தண்டு வைத்து நான் சுட்ட பையில் ஒரு துண்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். "வெர்லின் குடுக்கிறப்ப இது ரம்பம் மாதிரி இருக்கும்மா, இப்பத்தான் பிளேடு மாதிரி இருக்கு" என்றார். கோபித்துக்கொள்ளாதே, நல்ல மனுஷர்.

இதோடு பாதிரியின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். முழுக்க நானே வெட்டியது. எனக்கே பெருமையாக இருக்கிறது வெர்லின். நீ பார்த்து என்ன சொல்வாய் என்று தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆர்டித்

•

ஹியூரான் ஏரி
ஜூன் 28

ஆர்டித்,

படத்தைச் சமையல்காரனின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நல்ல வெட்டு, அதில்தான் சந்தேகமே வருகிறது. குட்டியின் இடுப்பில் பிளேடு ஓடிய கோடுகளைப் பார். வலக்கையால் வெட்டினால் அந்தப் பக்கம் அப்படிச் சாயாது. அது இடக்கைக்காரன் வெட்டியது. நீ வலக்கைக்காரி. நம் ஊரில் மெஷின் பிடிக்கத் தெரிந்த இடக்கைக்காரன் ஒருத்தன்தான், சாணை பிடிக்கிற டெல்பர்ட்.

ஒரு துண்டு பை என்று எழுதியிருக்கிறாய். எத்தனை தடவை வந்தான்? படத்தை எடுத்தது யார்? குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நீ, அப்படியானால் கேமரா யார் கையில் இருந்தது?

ராத்திரி காவல் முடிந்து படுத்தாலும் தூக்கம் வரவில்லை. இந்தக் கப்பலில் இருபத்தெட்டு ஆண்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் குடும்பம் உடைந்த கதை ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.

வெர்லின்

•

மில்ஸ் கிராசிங்
ஜூலை 15

வெர்லின்,

படத்தை எடுத்தது என் தங்கை. சந்தேகமிருந்தால் அவளுக்கு எழுதிக் கேள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

வெட்டியது இடக்கைதான். என் இடக்கை. பிப்ரவரியில் கொட்டகை வாசலில் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு லாரி ஓட்டிக்கொண்டு போனது நீ. கட்டுப் பிரித்தும் அந்தக் கையில் இன்னும் கனம் தாங்கவில்லை, அதனால் மெஷினை இடக்கையில் பிடித்தே பழகினேன். குட்டியின் இடுப்புக் கோடு வரை பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்தாய், பெண்டாட்டியின் கை முறிந்தது மட்டும் உனக்கு ஞாபகம் வரவில்லை.

இதை எழுதும்போது அழுகையாக வருகிறது. ஆனால் பாதிரி ஐம்பது கிலோவைத் தாண்டிவிட்டான். கட்டிப்பிடித்துக் கையால் அழுத்தினால் தொடை கல் மாதிரி நிற்கிறது. அதையாவது கேள்.

ஆர்டித்

•

டொலீடோ
ஆகஸ்டு 4

அன்பே ஆர்டித்,

நீ சொன்னது சரி. இனி எதுவும் கேட்கப்போவதில்லை. பாதிரிக்கு வெற்றி கிடைக்கட்டும். குட்டியின் சொந்தக்காரர்தான் ரோமம் வெட்ட வேண்டும், வெளியாள் கை படக்கூடாது என்ற விதியைக் கண்காட்சிக் கமிட்டி இன்னும் கண்டிப்பாகப் பார்க்கிறதா? சும்மா கேட்டேன்.

வெர்லின்

•

மில்ஸ் கிராசிங்
செப்டம்பர் 2

வெர்லின்,

கண்காட்சி முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பாதிரியைக் குளிப்பாட்டி, துவட்டி, வளையத்துக்குள் போகிற வரிசையில் நின்றேன். கமிட்டித் தலைவி மிஸஸ் ஹார்ன்பெக் வந்து என் தோளைத் தொட்டாள். "ஆர்டித், கொஞ்சம் இப்படி வா. உன் மேல ஒரு புகார் வந்திருக்கு. உன் குட்டிக்கு நீ வெட்டலயாம், டெல்பர்ட் வெட்டினானாம். கையெழுத்தில்லாத மொட்டைக் கடுதாசி, டைப் அடிச்சது. நான் நம்பல. ஆனா விசாரிக்காம விட முடியாது."

டெல்பர்ட்டையும் கூப்பிட்டார்கள். ஊரே உட்கார்ந்திருக்கிற பெஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தி, "அவங்க வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டார்கள். "ரெண்டு தடவைங்க, பிளேடு குடுக்க" என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. அவர் மனைவி ஐலீன் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

பிறகு என்னைச் சோதித்தார்கள். வெட்டாத குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் மெஷினைத் தொடவிடாமல் யாரோ ஒருவரின் மெஷினை இரவல் வாங்கித் தந்தார்கள். அதன் பிளேடில் பிசுக்கு ஒரு விரல் கனம். கழற்றி மண்ணெண்ணெய் கேட்டேன். "வெட்டச் சொன்னா பாத்திரம் கழுவுறாளே!" என்று பின்னால் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். கழுவினேன், எண்ணெய் போட்டேன், திருகை இறுக்கினேன், வெட்டினேன். கழுத்திலிருந்து வால் வரை ஒரு கீறல் இல்லை. நான் நிமிர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கத்தினவனே முதலில் கை தட்டினான்.

பாதிரிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய குட்டிக்குத் தொடை இன்னும் கனம், அது நியாயம். சாயங்காலம் ஏலத்தில் விட்டேன். லாரியில் ஏறும்வரை என் சட்டையைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

போகும்போது மிஸஸ் ஹார்ன்பெக் அந்த மொட்டைக் கடுதாசியை என் கையில் கொடுத்து, "யாருன்னு உனக்காவது தெரியுதா பாரு" என்றாள். படித்தேன். டெல்பர்ட் வெட்டியதோடு தீவனமும் அவன் யோசனைதான் என்று எழுதியிருந்தது. ஆப்பிள் வினிகரில் ஊறிய ஆளிவிதை, சாயங்காலம் ஒரு கைப்பிடி.

அதை உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொன்னேன்.

மிஸஸ் ஹார்ன்பெக்கிடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது. உனக்கு எழுதிய எதிலும் பொய் இல்லை. உண்மையை எழுத எழுத நீ அதற்குள் ஆளைத் தேடினாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது, பதினாறு வருஷத்தை உதறவும் மனம் வரவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். என்னை விசாரிக்காமல் ஒரே ஒரு கடிதம் எழுது. ஊர்க்கதை எழுது, கப்பல் கதை எழுது. அப்படி ஒன்று வந்தால் டிசம்பரில் நீ இறங்கும்போது டொலீடோ துறைமுகத்தில் நிற்பேன். வராவிட்டால் என் தங்கை வீட்டில் இருப்பேன், ஆடுகளோடு.

ஆர்டித்

•

சுப்பீரியர் ஏரி
செப்டம்பர் 20

என் ஆர்டித்,

அந்தக் கடுதாசியை அடித்தது நான்தான். கேப்டன் அறையில் இருக்கிற டைப்ரைட்டர். உன்னை மாட்டிவிட அல்ல, நீ மறைக்கிறாய் என்று நான் நினைத்தவன் பெயர் வெளியே வரட்டும் என்று. அவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. நான் ஒரு மடையன்.

கமிட்டிக்கு என் கையெழுத்துப் போட்டு எழுதிவிட்டேன், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் கேட்க வாசிக்கச் சொல்லி. டெல்பர்ட்டுக்கும் ஐலீனுக்கும் தனித்தனியே எழுதினேன்.

பிப்ரவரி இப்போது முழுக்க ஞாபகம் இருக்கிறது. நான் ரேடியோவில் கூடைப்பந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தேன். லாரியில் நீ பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லையே என்று சொன்னாய். இதையெல்லாம் மறந்தவனுக்கு என்ன பெயர் சொன்னாலும் தகும்.

இங்கே மூன்று நாளாகப் புயல். சமையல்காரன் சுட்ட ஆப்பிள் பை தட்டோடு பறந்து இன்ஜினியர் மடியில் விழுந்தது, அவன் அங்கேயே வைத்துத் தின்றான். மரங்கள் கரையில் சிவக்க ஆரம்பித்துவிட்டன. சோதனையில் நீ வெட்டியதை நான் பார்த்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே நின்று எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டே பார்த்திருப்பேன்.

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு விசாரணை ஒளிந்திருந்தது. இது ஐந்தாவது, இதில் எதுவும் இல்லை. டிசம்பரில் உன்னைத் துறைமுகத்தில் பார்ப்பேன்.

என்றும் உன்
வெர்லின்

பின்குறிப்பு: இதை விசாரணையாக எடுத்துக்கொள்ளாதே, படித்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அன்று உனக்கு மெஷின் இரவல் கொடுத்தவர் யாரோ ஒருவர் என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் மெஷின் வைத்திருக்கிற எல்லாரையும் உனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.