ராத்தாவின் கைக்கு ஒரு வில்

என் பிரியமான மச்சான்,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அக்குறணை வீட்டில் எல்லாரும் சுகம். குரங்குகளை வெடி வைத்து விரட்டிய உங்கள் துவக்கு மட்டும் இல்லை. நீங்கள் மவுத்தானதும் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே உங்களுக்காக இத்தா இருந்த என் ராத்தா அதை முடித்து வெளியே வந்த மறுநாளே, உங்கள் கூடப்பிறந்த மூத்த நானா வந்து எடுத்துப் போய்விட்டார். பொம்பளைக்குத் துவக்கு எதற்கு என்று கேட்டாராம். கெட்டவர் இல்லை, பயந்த மனிதர்.

ஆனால் கோப்பி பழுக்கத் தொடங்கிவிட்டதே! வெடிச்சத்தம் நின்றதும் குரங்குகள் கோப்பிக்கு நிழல் தரும் பலா மரத்திலேயே குடியேறிவிட்டன. கோப்பிப் பழத்தைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புகின்றன. இந்த விளைச்சல் கைக்கு வராவிட்டால் தோட்டத்தை நானா எடுத்துக்கொள்வது, ராத்தா உம்மா வீட்டுக்கு வந்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். நீங்கள் அவள் பெயருக்கு எழுதிய தோட்டம். அவளை யாரும் கேட்கவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள், இல்லையா?

துவக்குக்குப் பதிலாக ராத்தாவுக்கு ஒரு வில் செய்கிறேன் என்றேன். கண்டியில் கோப்பி உரிக்கும் இயந்திரப் பட்டறையில் வேலை கற்றவனுக்கு ஒரு வளைந்த கம்பு பெரிய காரியமா? கமுகு மரத்தைப் பிளந்து, அடிமட்டம் வைத்து, சீவுளியால் நேராக இழைத்தேன். நாண் ஏற்றி இழுத்தேன். வில்லின் வெளிப்புறம், அதன் முதுகுப் பக்கம், படீரென்று பிளந்தது. ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விறகுக்கு ஆகும், கொண்டா."

நீங்கள் போன பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது.

உடைந்த துண்டைப் பார்த்தேன். மரத்தின் நார் நேராக ஓடவில்லை. நேராக்கப் போய் நான்தான் அதை அறுத்திருக்கிறேன். அறுந்த இடத்தில்தான் பிளவு. அடுத்த கம்பின் முதுகைத் தொடவில்லை. நார் போன வழியே விட்டு, உட்பக்கத்தை மட்டும் சுரண்டினேன். பார்க்க அவலட்சணம். உடையவில்லை.

ராத்தா இழுத்தாள். பாதிகூட வரவில்லை. நானே வந்து எய்கிறேன் என்றேன்.

"நீ ஞாயித்துக்கிழமதான் வாற. அத குரங்குக்கு ஆரு செல்ற? இன்னும் சொரண்டு."

மெலிந்தால் வேகம் போய்விடும் என்று வாதாடினேன். அவள் விடவில்லை. பொழுது சாயும்வரை அவள் இழுப்பதும் நான் சுரண்டுவதும்தான். எனக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் நாண் அவள் கன்னம்வரை வந்தது. அப்போது அவள் முகம் இருந்த விதத்தை எப்படி எழுதுவது, மச்சான்?

போன ஞாயிறு முடிவு கேட்க நானா வந்தார். ராத்தா வில்லோடு தோட்டத்தில் நின்றாள். மொட்டை முனை அம்பு, எதையும் கொல்லாது. முதலாவது கிளைக்குள் சிக்கிக்கொண்டது. அடுத்தது கடுவன் குரங்கின் முதுகில் பட்டது. அது கத்திய கத்தலில் கூட்டமே ஓடையைத் தாண்டிவிட்டது.

நானா அவள் கிட்டே வந்தார். பிறகு, தனியாக இருக்கப் பயமில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

"பயம்தான் நானா. அதுக்காகப் பழம் பழுக்காம ஈக்குமா? பறிக்கிற நாளைக்கிக் கூடை தூக்க வாங்க."

அவர் தலையாட்டினார். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவளைப் பற்றிப் பேச எந்த வீட்டில் ஆட்கள் கூடினாலும், அவள் வந்து உட்காரும்வரை ஒருவரையும் வாய் திறக்க விடமாட்டேன். என்னையும் சேர்த்துத்தான். அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை வெளிச்சமாக்கட்டும்.

என்றும் உங்களுக்கு மச்சான்தான்,
உங்கள் மனைவியின் தம்பி