வெற்றிச் சால்வை

தை மாதம், சனிக்கிழமை இரவு.

எங்கள் கால்பந்துக் கழகத்தைச் சென்னைக்குக் கொண்டுபோக முன்பு முயன்றவரையே அதன் தலைமை நிர்வாகியாக நியமித்திருக்கிறார்கள். இன்றைய வரவேற்பில் எவரும் மேடையேறுவதில்லை என்று ரசிகர்கள் நாங்கள் உறுதி எடுத்திருந்தோம். முதலில் ஏறியவர் என் நண்பர் சவரிமுத்து. கோப்பை வெல்லும் அணித்தலைவருக்கென்று மாதா கோயிலில் மந்திரித்து வைத்திருந்த சால்வையைப் புதியவருக்குப் போர்த்தினார்.

“சவரிண்ணே, இவரு கோப்பை எப்ப ஜெயிச்சாரு?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

சவரிமுத்து இறங்கி வந்து என்னிடம், “கழகம் இங்கயே இருக்கணும்ல அண்ணே, அவரைப் பகைச்சுக்க முடியுங்களா?” என்றார்.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த முத்தமும் அன்பின் வடிவில்தான் வந்தது.

நாளைய திருப்பலியில் அவர் வழக்கம்போல் என் அருகில் நிற்பார். சமாதானம் பகிரும் வேளையில் நான் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்ப வேண்டும். ஞாயிறுதோறும் யோசிக்காமல் கூப்பிய கைகள். அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.