எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மாத்திரை

2008 ஜூன் 12, வியாழன்

எதிர்த்தரப்பு வக்கீல் இன்றும் வழக்குக் கட்டைப் பிரிக்காமலேயே வாய்தா கேட்டார். காரணம் கேட்காமலேயே கிடைத்தது. இதற்குப் பெயர் நீதிமன்றப் பணி.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றிரவு பத்தே முக்காலுக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சியாமளா கருத்தடை மாத்திரை விழுங்கியாக வேண்டும். செவ்வாய் இரவு பத்தே முக்காலோடு கெடு முடிகிறது.

இரண்டாவது குழந்தையையும் வயிற்றைக் கிழித்து எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. ரத்தம் நிற்காமல் மூன்று பாட்டில் ஏற்றினார்கள். இரண்டு வருடத்துக்குள் இன்னொரு கர்ப்பம் என்றால் மனைவியின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொன்னதை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த மாத்திரைக்கு மூன்று வருடமாக டாக்டர் சீட்டு தேவையில்லை. அரசிதழ் நகல் என் அலமாரியில் இருக்கிறது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள மருந்துக் கடைக்காரர் அரசிதழ் படிப்பவர் அல்ல. "அந்த மாத்திரலாம் வெக்கறதில்ல சார். இது ஃபேமிலிங்க வர்ற கடை." குடும்பங்கள் எப்படி உண்டாகின்றன என்று நினைக்கிறாரோ. அவர் முழங்கைக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டியில், குதிரைப் படம் போட்ட ஆண்மை லேகியம், மூன்று அளவுகளில். மேலும் மூன்று கடைகள் ஏறினேன். அதே பதில், அதே மூஞ்சி.

தன்னோடு படித்த லோகநாயகி சதுரங்கப்பட்டினத்தில் கிராமச் செவிலியராக இருக்கிறாள், அவளைக் கேட்கலாமா என்றாள் சியாமளா. மறுத்துவிட்டேன். தெரிந்தவர் காதில் விழுவது ஊர் முழுக்க விழும்.

ஜூன் 16, திங்கள்

கோர்ட் முடிந்து மாமல்லபுரம் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் புழங்கும் ஊர். கடைக்காரர்களுக்குக் கூச்சம் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். தவறவில்லை. கடற்கரைச் சாலைக் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து, அட்டையைக் காகிதத்தில் சுற்றவும் ஆரம்பித்துவிட்டார்.

நான் பில் கேட்டேன். பேட்ச் நம்பரோடு.

வேறென்ன செய்வது? பில் இல்லாமல் வாங்கியது போலி மாத்திரையாக இருந்தால் யாரைக் கேட்பது? பொட்டலம் இழுப்பறைக்குள் திரும்பிப் போயிற்று.

"சார் எந்த டிபார்ட்மெண்ட்டு?"

வக்கீல் என்றேன். விதியையும் சொன்னேன், ஆண்டோடு.

"அப்டியா சார். ஸ்டாக் இல்லியே. வந்துகினு கீது, அடுத்த வாரம் வாங்க."

என் கண் முன்னால் உள்ளே போனதை இல்லை என்கிறார். பொய்ச் சாட்சிகள்கூட இதைவிடச் சிரத்தையாகப் பேசுவார்கள்.

திரும்பி வந்து ஒரு தனியார் மருத்துவமனை. முகப்பில் இருந்த பெண்ணின் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" இல்லை. பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படித்தவன் நான். பிரசவம், கருத்தடை, கருக்கலைப்பு எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, டாக்டரம்மா மாத்திரை எழுத மறுத்தார். "கரு நின்னுச்சுன்னா கூட்டிட்டு வாங்க, கிளீன் பண்ணிடலாம்." மாத்திரை அவருடைய மனசாட்சிக்கு ஒவ்வாது. மற்றதற்குக் கட்டண அட்டவணை சுவரிலேயே தொங்குகிறது.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதினேன். ஆறு பத்திகள். சியாமளா முழுவதும் படித்து, மடித்துக் கொடுத்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. நான் செத்தா இதையே கேசாப் போட்டுக்கலாம்." தான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

சதுரங்கப்பட்டினம் போயிருக்கிறாள். லோகநாயகியின் எதிரிலேயே, பகல் ஒரு மணிக்கு, மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். அறுபத்து மூன்றாவது மணி நேரம். தாமதம் ஆக ஆகப் பலன் குறையும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

லோகநாயகி திட்டினாளாம்: "ஞாயித்துக்கெழமையே ஒரு போன் போட இன்னாடி கேடு? ஓசி மாத்திரடி இது, டப்பா டப்பாவா தூங்கினு கீது. வூட்ல வக்கீல வெச்சிக்கினா இப்டிதான், எல்லாத்துக்கும் வாய்தா."

இருவரும் சிரித்தார்களாம்.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரை பலித்ததா என்று கேட்டால் "தெரியல" என்கிறாள். போன ஞாயிறே லோகநாயகியிடம் போயிருந்தால் — பேரு கெட்டுடும்னு பயந்தேன். என்ன பேரு? யாரு பேரு?

புகார் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

மாதவிலக்கு திங்களன்றே வந்துவிட்டதாம். நான்கு நாளாக என்னிடம் சொல்லவில்லை. இன்று மாலை சொன்னாள் — கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துக்கொண்டு வந்த பிறகு, ஒருக்களித்துப் படுத்தபடி, வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

கணவர் கையெழுத்து கேட்டிருப்பார்களே என்றேன்.

"கேட்டாங்க."

நான் வரவில்லையே.

"நானே போட்டேன். உங்க கையெழுத்து ஒண்ணும் கஷ்டமில்ல."

கள்ளக் கையெழுத்துக்கு எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றாள். எழுந்து போய் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தேன்.